பச்சை டேக் ஒட்டிய பாட்டு

போன வாரம் ஒரே ஒரு பாட்டைப் போடப் போய், எல்லைப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பிவிட்டு வந்தேன். உண்மையில் கிளப்பியது கம்ப்யூட்டர்தான். ஆனால் கம்ப்யூட்டரை யார் திட்டுவார்கள்? அதன் பக்கத்தில் நிற்கிறவனைத்தான் திட்டுவார்கள். நின்றது நான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, கடைசியில் வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்த ஆள். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். டிராக்டருக்குப் போகிற புஷ் கடைவோம். புஷ் என்றால் ஒன்றுமில்லை, நடுவில் ஓட்டை போட்ட இரும்பு உருளை. என் தலையும் கிட்டத்தட்ட அந்த டிசைன்தான். அதனால் அந்த வேலை எனக்குச் சுலபமாக வருகிறது.

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை.

இந்தப் பக்கம் தீபாவளியைக்கூட மறந்துவிடுவார்கள், ஆயுத பூஜையை மறக்க மாட்டார்கள். மிஷினையெல்லாம் டீசல் போட்டுத் துடைத்து, பனியன் வேஸ்ட்டால் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து... அன்றைக்கு மட்டும் எங்கள் லேத்தைப் பார்த்தால் எங்களுக்கே சந்தேகம் வரும், இதையா வருஷம் பூரா உதைத்தோம் என்று. வீட்டுக்காரம்மா, மாமனார், மாமியார், குழந்தை குட்டி எல்லாரையும் கம்பெனிக்கே கூட்டி வருவார்கள். 'இதுதான் என் மிஷின்' என்று காட்டுவார்கள். பொரி கடலை, ஸ்வீட் பாக்ஸ், பாட்டு.

பாட்டுதான் சிக்கல்.

எங்கள் கம்பெனியில் மூன்று மொழி ஓடுகிறது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தமிழ். உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. மீதிப் பேருக்குக் கன்னடம். எப்போதோ ஒரு வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் ஒரே மொழியில் பாட்டாகப் போட, மற்ற இரண்டு மொழிக்காரர்களும் பொரி வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம். தமிழ் ஒன்று, தெலுங்கு ஒன்று, கன்னடம் ஒன்று. மறுபடியும் தமிழ் ஒன்று. ஆற்றுத் தண்ணீரைக்கூட இவ்வளவு கறாராகப் பங்கு போட மாட்டார்கள். டிரில்லிங் மிஷின் ஓட்டுகிற நாகராஜ், கன்னடக் கட்சித் தலைவர், பூஜை பூராவும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருப்பார். சாமி கும்பிடும்போதுகூட ஒரு விரல் மடங்கியிருக்கும்.

இந்த வருஷம் பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. "உனக்குத்தான் வாய் இருக்குதே" என்றார் ஓனர். வாய்க்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேட்கவில்லை. பொறுப்பு என்ற வார்த்தையை என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அந்த மயக்கம்.

பொறுப்பு வந்த அன்றைக்கே மஞ்சுளா என்னைத் தேடி வந்தாள்.

மஞ்சுளா எங்கள் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நான் கடைகிற புஷ்ஷை லாட் லாட்டாக, அதாவது தட்டுத் தட்டாக, அளந்து பார்த்து டேக் ஒட்டுகிற ஆள். பச்சை டேக் என்றால் பாஸ். மஞ்சள் என்றால் ரீவொர்க், அதாவது திருப்பிக் கொண்டுபோய்ச் சரி பண்ணு. சிவப்பு என்றால் ரிஜெக்ட், குப்பை. என் லேத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் வருஷம் பூரா மாரியம்மன் கோயில் மாதிரி ஒரே சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். தலைமுடி கனத்துக்கு அளவு தப்பினால்கூட விட மாட்டாள். "தாயி, மனுசன் கண்ணுக்கே தெரியாதே" என்று கெஞ்சினால், "டிராக்டருக்குத் தெரியும்ணா" என்பாள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ணா, கன்னடப் பாட்டுல ஒண்ணு நான் தர்றேன். போடுவீங்களா?"

"யார் பாடுனது?"

"நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். தப்பு. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊர்க் கோயிலில் பாடுவாளாம். எல்லையோரத்து ஜூஜுவாடியில் வாக்கப்பட்டு வந்த பிறகு பாட்டு கட். மாமியார் கெம்பம்மா. அந்த அம்மாவுக்கு மருமகள் வாயைத் திறந்தாலே ஆகாது. பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தால்கூட, "பாயி முச்சு, பக்கத்து வூட்ல சிரிக்கறாங்க" என்று வாயை மூட வைத்துவிடுவாராம். இவள் கம்பெனி வேலையும் அந்த அம்மாவுக்கு இளப்பம். "அரிசில கல்லு பொறுக்கற மாதிரி அங்க போயி இரும்பு பொறுக்கறா" என்று தெரு பூராவும் சொல்லியிருக்கிறார். அந்தக் கெம்பம்மா இந்த வருஷம் முதல் தடவையாக ஆயுத பூஜைக்கு வருகிறார். கம்பெனி வேன் வாசலுக்கே வருகிறது, ஸ்வீட் பாக்ஸ் உண்டு. அது போதாதா?

"மைக் முன்னால நின்னு பாட என்னால ஆவாதுண்ணா. அவங்க கண்ணைப் பாத்தா எனக்குக் கொரலே வராது. அதான் லஞ்ச் டைம்ல செக்கிங் ரூம் கதவச் சாத்திக்கினு ஃபோன்ல பாடி வெச்சிருக்கறேன். அவங்க உக்காந்திருக்கறப்ப என் பாட்டு ஸ்பீக்கர்ல வரணும். யார் பாடுனாங்கன்னு சொல்லாதீங்க. அவங்களா கண்டுபுடிக்கட்டும். எனக்கு இது ஒண்ணுதான்ணா வேணும்."

"இது ஒரு வேலையா தாயி? பாட்டக் குடு. போட்டுட்டா போச்சு" என்றேன்.

போட்டுட்டா போச்சு. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கும். முதல் இரண்டும் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது சொன்னவை.

இங்கே எங்கள் ஆபீஸ் லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முன்னால் எல்லாரும் வைத்திருக்கிற சாதாரண சாஃப்ட்வேர்தான் அதில் இருந்தது. திருட்டுக் காப்பி. ஒரு நாள் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர், "லைசென்ஸ் எங்க?" என்று கேட்டார். ஓனர் டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினார். அந்த அவமானத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிரவீனிடம் விட்டுவிட்டார். பிரவீன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், படித்தவன், கொள்கைக்காரன். எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டான்.

போட்ட அன்றைக்கு எனக்கு ஒரு பிரசங்கம்.

"அண்ணே, இது ஃப்ரீ சாஃப்ட்வேர் பாத்துக்கிடுங்க. ஃப்ரீன்னா ஓசி இல்ல. சுதந்திரம்."

"ஓசியும்தானே?"

"ஓசியுந்தான்... ஆனா அது முக்கியமில்லண்ணே."

எங்கள் ஓனருக்கு அதுதான் முக்கியம் என்று பிரவீனுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சரி, சுதந்திரம் கிடைத்துவிட்டது. பாட்டு போடலாம் என்று உட்கார்ந்தேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் பிரவீன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். நானும் லேப்டாப்பும் தனியாக.

முதலில் சத்தமே வரவில்லை. திரையில் பட்டை ஏறி இறங்குகிறது, பாட்டு ஓடுகிறது, நேரம் போகிறது. சத்தம்? கிடையாது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஸ்பீக்கர் பொட்டியைத் தட்டினேன். கடைசியில் மூலையில் சின்ன எழுத்தில் ஒன்று தெரிந்தது. பக்கத்து ரூமிலிருந்த அக்கவுன்ட்ஸ் பொண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். 'டம்மி அவுட்புட்' என்று போட்டிருக்கிறது என்றாள்.

அதாவது என்ன? பாட்டு, உலகத்திலேயே இல்லாத ஒரு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இல்லாத ஸ்பீக்கர் அருமையாகப் பாடிக்கொண்டிருக்கிறது. வேலை நடக்கிற மாதிரியே தெரியும், ஆனால் வெளியே ஒன்றும் வராது. எனக்கு அந்த மிஷின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் இத்தனை வருஷமாக அந்த வேலையைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதையெதையோ அமுக்கி அது சரியானது. எதை அமுக்கினேன் என்று கேட்காதீர்கள். தமிழ்ப் பாட்டு பாடியது. தெலுங்குப் பாட்டு பாடியது. மஞ்சுளா பாட்டு?

ஊமை.

லேப்டாப்பில் பாட்டு போடுகிற பிளேயர் மூன்று இருந்தன. முதல் பிளேயர், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது. இரண்டாவது பிளேயர் மரியாதையானது. "இதைப் பாடத் தேவையான ப்ளக்-இன் இல்லை, தேடட்டுமா?" என்று கேட்டது. தேடு சாமி என்றேன். தேடியது. "கிடைக்கவில்லை" என்றது. அப்புறம் எதற்குக் கேட்டாய்? மூன்றாவது பிளேயர் பேசவே இல்லை. திறந்தது, என்னைப் பார்த்தது, மூடிக்கொண்டது. என் தங்கச்சி மாப்பிள்ளை மாதிரி.

பிரவீனுக்கு ஃபோன் போட்டேன். பஸ்ஸில் இருந்தான்.

"அது ஃபார்மட் பிரச்சினைண்ணே. மஞ்சுளாக்கா ஃபோன் வேற ஃபார்மட்ல ரெக்கார்ட் பண்ணிருக்கும். நம்ம சிஸ்டத்துல அதுக்கு கோடெக் கெடையாது."

"அப்பிடின்னா?"

கொஞ்ச நேரம் விளக்கினான். எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். பாட்டு என்பது இட்லி. ஃபார்மட் என்பது டிபன் டப்பா. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு டப்பா செய்கிறான். டப்பாவைத் திறக்கிற வித்தைக்குப் பேர் கோடெக். எங்கள் சிஸ்டத்துக்கு இந்த டப்பாவைத் திறக்கத் தெரியாது.

"ஏன் தெரியாது?"

"நான்தாண்ணே போடல. அந்த டப்பாவுக்குப் பேட்டன்ட் இருக்கு. அது சுதந்திரமான டப்பா இல்லேல்லா."

கேட்டீர்களா? இட்லி நம்ம இட்லி. பசி நம்ம பசி. டப்பாவுக்குச் சுதந்திரம் இல்லையாம், அதனால் நாம் சாப்பிடக் கூடாதாம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சானமாவுக் காடு இருக்கிறது. யானைகள் வரும். அந்தப் பக்கம் கர்நாடகா, இந்தப் பக்கம் தமிழ்நாடு, இரண்டு பக்கத்து ராகியையும் தின்னும். இன்றுவரை எந்த யானையும் ராகிக் கொல்லையில் நின்றுகொண்டு, 'இந்த ராகிக்கு ப்ளக்-இன் இல்லை, தேடட்டுமா?' என்று கேட்டதில்லை.

"கொள்கையெல்லாம் அப்புறம். இப்ப எப்பிடித் தொறக்கறது?" என்றேன்.

திரையில் கட்டளை அடிக்கிற ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னான். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான், நான் ஒற்றை விரலால் குத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது. அதையும் சொன்னான். அமுக்கினேன். ஒன்றும் விழவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். ம்ஹூம்.

"தம்பி, கீபோர்டு செத்துப்போச்சு."

"இல்லண்ணே, அடிச்சா தெரியாது. ஒரு புள்ளிகூட விழாது. செக்யூரிட்டி."

"அப்ப நான் அடிச்சது சரியா தப்பான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தப்புன்னா திட்டும்ணே."

திட்டியது. திரும்பத் திரும்பத் திட்டியது. என் வீட்டில்கூட இந்த முறைதான். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஒருவழியாக உள்ளே விட்டது. டவுன்லோட் ஆகிறது என்று சொன்னான். ஆகவில்லை. மேம்பால வேலைக்குத் தோண்டியவர்கள் எங்கள் நெட் கேபிளையும் சேர்த்துத் தோண்டியிருந்தார்கள். சரி என்று என் ஃபோனிலிருந்து நெட் கொடுத்தேன். என் ஃபோன் நின்ற இடத்திலேயே நிற்கும்போதே, 'கர்நாடகா உங்களை வரவேற்கிறது' என்று மெசேஜ் அனுப்புகிற ஜாதி. எந்த மாநிலத்து டவரைப் பிடிப்பது என்று அதற்கே தெரியாமல் திணறியது. டவுன்லோட் பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தால், 'ஏற்கெனவே வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள், காத்திருக்கவும்' என்றது. யார் அந்த வேறு யாரோ? அந்த ரூமில் நானும் ஒரு பல்லியும்தான்.

பிரவீன் பாவம், பஸ்ஸிலிருந்தபடியே லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற இணையதளத்தில் என் கஷ்டத்தை எழுதிக் கேட்டிருக்கிறான். பதில்கள் வந்தனவாம். ஒருத்தர் எழுதினார்: 'என் கம்ப்யூட்டரில் நன்றாகப் பாடுகிறதே.' சந்தோஷம் சார். இன்னொருத்தர்: 'முதலில் அந்த ஃபார்மட்டில் ரெக்கார்ட் செய்ததே கொள்கைப்படி தவறு.' பசி என்று போனவனிடம், அரிசியை ஏன் அந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்கிற மகான்! மூன்றாவது ஆள் இந்த இரண்டு பேருடனும் சண்டை போட்டிருக்கிறார். சண்டை இன்னும் நடக்கிறதாம். பாட்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம், மஞ்சுளா ஃபோனையே ஒயர் போட்டுப் பொட்டியில் மாட்டக் கூடாதா என்று. அவளுடையது புது ஃபோன். புது ஃபோனில் ஒயர் சொருகுகிற ஓட்டையை எடுத்துவிட்டார்கள். முன்னேற்றமாம். ப்ளூடூத்? எங்கள் ஸ்பீக்கர் பொட்டி ப்ளூடூத் பிறப்பதற்கு முன்னால் பிறந்தது. பென்டிரைவ் சொருக மட்டும் அதில் எவனோ பின்னால் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தான்.

அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது.

பூஜை அன்றைக்குக் காலை. எல்லாரும் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் லேப்டாப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாடுகிற பாட்டுகளின் பேருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து எம்பி3 என்று இருக்கிறது. மஞ்சுளா பாட்டுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. பேரை மாற்ற முடியுமா? முடிகிறது! பழைய வாலை வெட்டினேன். எம்பி3 வாலை ஒட்டினேன். 'நிச்சயமாகவா?' என்று கூடக் கேட்கவில்லை. அப்படியே ஏற்றுக்கொண்டது.

இரண்டு நாள் பாடுபட்ட வேலை இரண்டு தட்டில் முடிந்தது. படித்தவனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது பார்த்தீர்களா என்று நெஞ்சு நிமிர்ந்தது. எல்லாப் பாட்டையும் பென்டிரைவில் ஏற்றி, பொட்டியின் ஓட்டையில் சொருகினேன். ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். அதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஐயர் முறைத்தார். டெஸ்ட் பண்ணாமல் டிஸ்பாச்.

கெம்பம்மா வந்தார். சின்ன உருவம். நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கம்பெனியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். ஆடிட்டுக்கு வந்தவரே பரவாயில்லை. மஞ்சுளா பின்னால் தூண் ஓரமாக நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கட்டை விரலை உயர்த்தினேன்.

தமிழ்ப் பாட்டு. பாடியது. தெலுங்குப் பாட்டு. பாடியது. ஓனர் தாளம் போட்டார். நாகராஜ் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு மூன்றாவதைத் தயாராக வைத்திருந்தார்.

நான் மைக்கைப் பிடித்து, "அடுத்து, கன்னடத்தில் ஒரு சிறப்புப் பாட்டு" என்று அறிவித்தேன். பட்டனை அமுக்கினேன்.

பொட்டியின் சின்னத் திரையில் பாட்டுப் பேர் வந்தது. நேரம் ஓடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று... சத்தம் இல்லை. வால்யூமைத் திருகினேன். முழுசாகத் திருகினேன். திடீரென்று 'கீ...ச்ச்ச்' என்று ஒரு சத்தம், லேத்தில் டூல் உடைந்த மாதிரி. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அப்புறம் மறுபடி மௌனம்.

நாகராஜ் எழுந்தார்.

"ஏண்ணா, எங்க டர்ன் வந்தா மட்டும் மிஷின் படுத்துக்குதா?"

"இல்ல நாகராஜு, மிஷின்தான்..."

"தமிழுக்குப் பாடுது. தெலுங்குக்குப் பாடுது. கன்னடம்னா கீச்சுங்குது. மிஷினுக்கு எந்த ஊருண்ணா?"

பின்னால் நான்கைந்து பேர் எழுந்தார்கள். யாரோ பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்கள். பொரியைக் கீழே வைப்பதுதான் இங்கே போர் முரசு.

"எங்கம்மா சத்தியமா எனக்கு எந்த மொழி மேலயும் கோவமில்ல. எந்த மொழியிலயும் நான் பாஸானதே இல்ல" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நாகராஜ் சிரிக்கவில்லை.

மஞ்சுளா ஓடி வந்தாள். "என்னாணா ஆச்சு?"

"பாடணுமே... வாலெல்லாம் மாத்திட்டேனே..."

"எந்த வாலு?"

சொன்னேன். பேருக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டு எம்பி3 ஒட்டிய கதையை. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பழக்கமான பார்வை. அளவு தப்பிய புஷ்ஷைப் பார்க்கிற பார்வை.

"ரிஜெக்ட் பீஸுக்குப் பச்ச டேக் ஒட்டிட்டீங்களா?"

அவ்வளவுதான். அதைத்தான் செய்திருக்கிறேன். உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கிறது, வெளியே சீட்டை மட்டும் மாற்றிவிட்டு ஊரை ஏமாற்றப் பார்த்தேன். வேறு ஊர் ஆளாக இருந்தால் இது தோன்றியிருக்காது. டேக்கைப் பார்த்துப் பிழைக்கிற ஊர்க்காரனுக்குத்தான் தோன்றும்.

அவள் கண் கலங்கியது. "என் ஃபோன்ல நல்லாத்தானே பாடுதுண்ணா..." என்று ஃபோனைக் காதோரம் வைத்து, சன்னமாக வைத்துக் காட்டினாள். பாடியது. பாவி ஃபோன், அதில் மட்டும் பாடியது.

அப்போதுதான் நாற்காலி நகரும் சத்தம். கெம்பம்மா எழுந்து வந்துவிட்டார். மஞ்சுளா சட்டென்று ஃபோனைத் தாழ்த்தினாள்.

"ஏனப்பா இது கூத்து?" என்றார் என்னிடம். "இவ ஃபோன்ல பாட்டு இருக்குதா, இல்லியா?"

"இருக்குதும்மா."

"ஃபோனு வாயத் தொறந்து பாடுதா, இல்லியா?"

"பாடுதும்மா."

"இந்த மைக்குல நீ அப்பலேருந்து கத்திக்கினு கீறியே, அது ஊருக்கெல்லாம் கேக்குதா, இல்லியா?"

"கேக்குதும்மா."

"அப்ப ஃபோன மைக்குகிட்ட வெக்கறதுக்கு உனக்கு என்னா நோவு?"

ஓனர் வாயில் லட்டு அப்படியே நின்றது. மூன்று பிளேயர், ஒரு கறுப்பு ஜன்னல், தெரியாத பாஸ்வேர்ட், சண்டை போடுகிற மகான்கள், எல்லாவற்றையும் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். இரண்டு நாளாக இந்த யோசனை எங்கே போயிருந்தது என்று நானும் தேடினேன். ப்ளக்-இன் இல்லை போலிருக்கிறது.

ஃபோனை வாங்கி மைக்கிடம் வைத்தேன். சரியாகப் பிடிக்கத் தெரியாமல் டக் டக்கென்று இடித்தேன்.

"உன் கைய வெச்சிக்கினு நீ இரும்பு வேற கடையறியா? கொடு இங்க" என்று கெம்பம்மா இரண்டையும் பிடுங்கிக்கொண்டார். இடது கையில் மைக், வலது கையில் ஃபோன். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஃபோனை மைக்கின் வாயருகே பிடித்தார்.

பாட்டு வந்தது.

மலை மேல் இருக்கிற அம்மனைக் கூப்பிடுகிற பாட்டு. மேளம் கிடையாது, தாளம் கிடையாது, வெறும் குரல். இரும்பு ஷெட்டில் அது சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குக் கன்னடம் அரைகுறைதான், ஆனாலும் கையில் ரோமம் நின்றது. அந்தப் பாட்டை நானும் அப்போதுதான் முதல் தடவையாக முழுசாகக் கேட்கிறேன், கவனியுங்கள். நாகராஜ் மூன்றாவது விரலை மடக்க மறந்து நின்றார்.

கெம்பம்மா தலையை ஆட்டினார். "நல்ல கொரலு" என்றார் பக்கத்திலிருந்த ஓனர் சம்சாரத்திடம். "யார் வூட்டுப் பொண்ணோ." மைக் கையில் இருக்கிறதா, அது ஷெட் முழுக்கக் கேட்டது.

மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டு உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரம் பார்த்து, பாட்டுக்குள்ளே யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். தட்டிவிட்டு ஒரு தடித்த குரல் கத்தியது:

"மஞ்சுளா! என் லாட்டு என்னாச்சு தாயி? பச்ச போட்டுடேன்!"

என் குரல்.

ஷெட்டே வெடித்துச் சிரித்தது. லஞ்ச் டைமில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பாடியிருக்கிறாள், வெளியே நின்று நான் வழக்கம்போல் பிச்சை எடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தச் சத்தத்திலும் பாட்டு நிற்கவில்லை. ஓர் இழை பிசகவில்லை. அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கிறாள்.

கெம்பம்மா சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. மஞ்சுளா.

ஃபோனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். ஃபோன் பிடித்திருந்த கை கொஞ்சம் கீழே இறங்கியது. ஸ்பீக்கரில் பாட்டு தேய்ந்தது. எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. மஞ்சுளா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டேன்.

கை மறுபடி ஏறியது.

முன்னைவிடக் கிட்டே. ஃபோனும் மைக்கும் ஒட்டுகிற அளவுக்கு. நடுவில் ஒரு பையன் பொரியை நொறுக்க, "சும்னிரு!" என்று அதட்டினார். பாட்டு முடிகிற வரைக்கும் இரண்டு கையையும் அப்படியே பிடித்திருந்தார். ஓனர் சம்சாரம் மாற்றிப் பிடிக்கிறேன் என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை.

முடிந்தது. கைதட்டினார்கள். கெம்பம்மா மைக்கை என்னிடம் நீட்டினார், ஃபோனை மஞ்சுளாவிடம் நீட்டினார். நீட்டும்போது சொன்னார்:

"மூணாவது எடத்துல மூச்சு வாங்கற. வூட்ல பாடிப் பழகு."

அவ்வளவுதான். மாமியார் ஃபார்மட்டில் அதற்கு மேல் வராது. ஆனால் மஞ்சுளாவின் முகம் அதைத் திறந்து முழுசாகப் படித்துவிட்டது. நாகராஜ் வந்து என் முதுகில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே தட்டினார். பொரிப் பொட்டலங்கள் எல்லாம் மறுபடி கைக்கு வந்தன.

பிரவீன் ஊரிலிருந்து வந்ததும் சட்டையைப் பிடித்தேன். லேப்டாப்பைத் திறந்தான், எதையோ தட்டினான், மஞ்சுளா பாட்டு கணீரென்று பாடியது. நடுவில் என் பிச்சையோடு.

"இன்ஸ்டால் பண்ணும்போது ஒரே ஒரு டிக் போடணும்ணே. 'மற்ற ஃபார்மட்டும் வேணுமா'ன்னு கேக்கும். நான் கொள்கைக்காக விட்டுட்டேன்லா" என்றான்.

ஒரு டிக். இந்த ஊரில் பால்காரர்கூட மூன்று மொழியில் கணக்குச் சொல்வார். யாரும் அவரிடம் கொள்கை கேட்டதில்லை. 'மற்றவர்களும் வேண்டுமா' என்று உலகம் நம்மைக் கேட்கும்போது, ஒரு டிக் போட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? இதை நான் பிரவீனிடம் கேட்டேன். அவன் அதைப் பற்றி அந்த இணையதளத்தில் எழுதியிருக்கிறானாம். சண்டை புதிதாக ஆரம்பித்திருக்கிறது.

பூஜை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். ஆபீஸ் லேப்டாப்பின் மூடியில் ஒரு சிவப்பு டேக் தொங்கியது. 'ரிஜெக்ட். காரணம்: பாடத் தெரியாது.' சிரித்துக்கொண்டே என் லேத்துக்குப் போனேன். அங்கே ஒரு மஞ்சள் டேக். அதே கையெழுத்து. 'ரீவொர்க். காரணம்: பாட்டு நடுவுல பேசறாரு.'

"ஏன் தாயி, இரும்புன்னா திருப்பி லேத்துக்கு அனுப்புவ. ஆளுக்கு எங்க ரீவொர்க் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

அளக்கிற கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மஞ்சுளா சொன்னாள்: "எங்க அத்தகிட்ட அனுப்பறேன்ணா. ஒரே நாள்ல பச்ச டேக்கோட வந்துருவீங்க."